கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்: வீட்டில் கட்டிய ஹாட் ராடும் ஆட்டோமேட்டிக் கியரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் கோரிமேட்டுப் பக்கம் என் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு 1951 மாடல் ஷெவர்லே நிற்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ‘பிளஷர் கார்’ என்பார்களே, அந்தக் காலத்து வண்டி. உடம்பு மட்டும்தான் பழசு. உள்ளே இருக்கும் 350 கன அங்குல வி-8 எஞ்சினும், ‘டர்போ 350’ என்கிற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் நானும் என் மச்சானும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியவை. ஏற்காடு போய்வரும் வழியில் வண்டியைப் பார்த்து நிறுத்தியவர்கள், இதேபோல் கட்டிக்கொண்டிருப்பவர்கள், கட்டி முடித்துவிட்டு ‘கியர் விழவில்லை’ என்று கலங்குபவர்கள் எனப் பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் வீணாக்கிய பணமும் நாளும் உங்களுக்கும் வீணாகக் கூடாது.

ஹாட் ராட் என்றால் என்ன? அதில் ஏன் ஆட்டோமேட்டிக் கியர்?

பழைய காரின் உடம்பில் அதைவிடப் பலமான எஞ்சினைப் பூட்டி, பிரேக், ஆக்சில், சேஸி எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றிக் கட்டுவதுதான் ஹாட் ராட். அமெரிக்காவில் 1930களிலேயே இருந்த பழக்கம்.

ஆட்டோமேட்டிக் எடுத்ததற்குக் காரணம் இடம்தான். நம் ஊர் வண்டிக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். இந்த வி-8 எஞ்சினுக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரும் வலப்பக்கம். ஒரு பக்கத்துச் சைலன்சர் குழாயும் அங்கேதான் இறங்குகிறது. அதற்குள் கிளட்ச் லிங்கேஜையும் நுழைக்க முடியவில்லை. டர்போ 350 கியர்பாக்ஸ் 1969 மாடல் வண்டிகளில் வந்தது. முதல் கியர் 2.52, இரண்டாவது 1.52, மூன்றாவது நேர். கம்ப்யூட்டர் கிடையாது. ஆயில் பிரஷர், எஞ்சின் வேக்குவம் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பு), ஆக்சிலரேட்டரில் இருந்து வரும் ஒரு கேபிள், வண்டியின் வேகத்தைச் சொல்லப் பின்பக்கம் சுழலும் ஒரு கவர்னர், இவ்வளவுதான். கொட்டகையில் உட்கார்ந்து புரிந்துகொள்ளக்கூடிய பொருள் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

கியர் ஸ்லிப் ஆகிறது (எஞ்சின் சுற்றுகிறது, வண்டி அதற்கேற்ப இழுக்கவில்லை). பட்டறையில் ‘இறக்கிப் பார்த்துவிடலாம்’ என்கிறார்கள். இறக்கலாமா?

அவசரப்படாதீர்கள். கம்பெனியில் இருந்து வந்த வண்டி லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகு ஸ்லிப் ஆனால், உள்ளே ஆயில் பிரஷரில் பிடிக்கும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும் என்று நினைப்பது நியாயம். வீட்டில் கட்டிய வண்டியில் கணக்கே வேறு. கியர்பாக்ஸ் ஒன்றுதான் தொழிற்சாலையில் முறையாகக் கட்டப்பட்டது. அதைச் சுற்றியுள்ள வேக்குவம் டியூப், ஆயில் கூலர் குழாய், லிங்கேஜ் (கியர் லீவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் ராட்), கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பர், பின் ஆக்சிலைச் சுற்றும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாம் நாம் வெட்டி, வளைத்து, வெல்டு வைத்தவை. நம் கைபட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

நான் பார்க்கும் வரிசை இது: ஆயில், லிங்கேஜ், வேக்குவம், கேபிள், பிறகு பிரஷர். ஐந்தையும் ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடலாம். இறக்கினால் ஒரு வாரம் போகும். அதைவிட முக்கியம், இறக்கிப் பிரித்த கியர்பாக்ஸ் மேஜைமேல் கிடக்கும்போது, ஓடுகையில் அதற்கு என்ன வேக்குவம் வந்தது, என்ன பிரஷர் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தடயம் அத்தனையும் போய்விடும்.

ஆயில் அளவைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

வண்டி சமதரையில் நிற்க வேண்டும். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டி ஆயில் சூடேறியிருக்க வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ஒவ்வொரு நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய், கடைசியில் ‘பி’யில் (பார்க்) வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு டிப் ஸ்டிக்கை எடுங்கள்.

எஞ்சின் ஆயில் பார்க்கும் பழக்கத்தில் வண்டியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அணைத்ததும் கன்வெர்ட்டரில் (எஞ்சினையும் கியரையும் ஆயிலால் இணைக்கும் பாகம்) இருக்கும் ஆயில் அடியில் உள்ள ஆயில் தட்டான சேம்பருக்கு இறங்கி, அளவு கூடுதலாகத் தெரியும். ‘ஆயில் நிறையவே இருக்கிறது’ என்று நம்பி, குறைந்த ஆயிலோடு மலையேறுவார்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பில்டர் காற்றை இழுக்கும், பிரஷர் விழும், ‘வளைவில் மட்டும் ஸ்லிப் ஆகிறது’ என்பார்கள். இப்படி வந்த இரண்டு பேருக்கு வேறு எதுவும் செய்யவில்லை, ஆயில் ஊற்றினோம், அவ்வளவுதான்.

டிப் ஸ்டிக்கில் உள்ள இரண்டு கோடுகளுக்கும் நடுவே சுமார் அரை லிட்டர்தான். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அளவு மீறினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையை பம்ப்பால் சரியாக அழுத்த முடியாது. குறைந்தாலும் ஸ்லிப், கூடினாலும் ஸ்லிப்.

இன்னொன்று. வீட்டில் கட்டிய வண்டியில் டிப் ஸ்டிக்கும் அதன் குழாயும் வேறு வேறு இடத்தில் வாங்கியவையாக இருக்கும். அதில் உள்ள கோட்டை அப்படியே நம்ப வேண்டாம். சூடாக, ஐடிலில் ஆயில் மட்டம் ஏறத்தாழ சேம்பர் பேக்கிங் வரியை ஒட்டி நிற்க வேண்டும். குழாயின் வளைவை அளந்து பார்த்து என் டிப் ஸ்டிக்கில் நானே அரத்தால் புதுக் கோடு போட்டுக்கொண்டேன்.

ஆயிலின் நிறத்தையும் வாசனையையும் வைத்து என்ன தெரியும்?

நல்ல ஆயில் தெளிந்த சிவப்பு. கருத்து, தீய்ந்த வாசனை வந்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. ரோஸ்மில்க் போல வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள்ளேயே கூலர் உள்ள வண்டியில் அது உடைந்தால் இப்படி ஆகும். அப்படி ஆனால் அடுத்த தெருவரைக்கும்கூட ஓட்டாதீர்கள். கிளட்ச் பிளேட்டின் மேல் ஒட்டிய லைனிங்கைத் தண்ணீர் ஊறவைத்து உரித்துவிடும்.

சேம்பரைக் கழற்றினால் அடியில் மெல்லிய சாம்பல் நிறப் படிவு இருக்கும். அது தேய்மானம், பயப்பட வேண்டாம். பளபளக்கும் உலோகச் சீவல் கிடந்தால் அது வேறு கதை.

மலையேறும்போது மட்டும் கியர் தாமதமாக, உதைத்துக்கொண்டு மாறுகிறது. கீழே நன்றாக இருக்கிறது. ஏன்?

இதுதான் எனக்கு வந்த கோளாறு. விரிவாகவே சொல்கிறேன்.

அது ஒரு ஏப்ரல் மாதம். கோரிமேட்டில் இருந்து கிளம்பி அடிவாரம் வரை கியர் வெண்ணெய் மாதிரி மாறியது. ஏற்காடு பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது, எட்டாவது தாண்டியதும் முதல் கியரில் இருந்து இரண்டுக்கு மாற வண்டி மறுத்தது. எஞ்சின் கத்தும், ஆக்சிலரேட்டரை விட்டால் ‘டங்’ என்று உதைத்து மாறும். மேலே போகப் போக மோசமானது. ஏரிக்கரையில் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து எடுத்தேன். பழையபடி நன்றாக மாறியது.

கீழே வந்து ஒரு பட்டறையில் காட்டினேன். கேட்ட உடனே, ‘பிளேட் எரிந்துவிட்டது, இறக்கணும்’ என்றார்கள். முன்பணமும் கொடுக்க இருந்தேன். என் மச்சான்தான் ஒரு கேள்வி கேட்டார்: ‘எரிந்த பிளேட் ஒரு மணி நேரத்தில் எப்படி மாமா நல்லாகும்?’

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். மலையில் இரண்டு விஷயம் மாறுகிறது, ஒன்று உயரம், இன்னொன்று சூடு. ஏரிக்கரையில் நிறுத்தியபோது உயரம் மாறவில்லை, சூடு மட்டும்தான் தணிந்தது. அப்படியென்றால் உயரம் காரணமல்ல. தேய்ந்த பிளேட் எஞ்சினைச் சறுக்கவிடும். கியரைத் தாமதப்படுத்தி உதைக்காது. தாமதமும் உதையும் சேர்ந்து வந்தால், எஞ்சின் முழு பாரத்தில் இழுக்கிறது என்று கியர்பாக்ஸ் தவறாக நினைக்கிறது என்று பொருள். அந்தச் செய்தியைக் கொண்டுபோவது வேக்குவம். எஞ்சின் லேசாக ஓடும்போது வேக்குவம் அதிகம், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் குறைவு. கியர்பாக்ஸின் வலப்பக்கம் பின்னால் இருக்கும் மாடுலேட்டர் இதை வாங்கித்தான் பிரஷரையும் கியர் மாறும் நேரத்தையும் தீர்மானிக்க உதவுகிறது.

மாடுலேட்டர் முனையில் ஒரு ‘டி’ வடிவ இணைப்பு வைத்து வேக்குவம் மீட்டரைச் சேர்த்தோம். எஞ்சின் குளிர்ந்திருந்தபோது 17 அங்குலம் (வேக்குவத்தைப் பாதரச அங்குலத்தில்தான் அளப்பார்கள்). அரை மணி ஓடவிட்டுச் சைலன்சர் குழாய் நன்றாகச் சூடான பிறகு 6. அதே நேரம் எஞ்சின் முனையில் பார்த்தால் 16 இருந்தது. நடுவில் எங்கோ போகிறது. கை வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் போட்டிருந்த ரப்பர் டியூப் சைலன்சர் குழாய்க்கு இரண்டு விரல் தள்ளிப் போகிறது. சூட்டில் ரப்பர் இளகி, ஓர் இடத்தில் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகி, மாடுலேட்டர் முனையில் தளர்ந்து காற்றும் இழுத்தது. குளிர்ந்தால் பழையபடி நிமிர்ந்துகொள்ளும்.

நீள ஓட்டத்துக்கு ஸ்டீல் குழாயை வளைத்துப் போட்டு, இரு முனையிலும் மட்டும் சின்னத் துண்டு ரப்பர் வைத்தோம். பழைய வண்டிகளில் கம்பெனிக்காரர்களே ஸ்டீல் குழாய்தான் போட்டிருந்தார்கள். நான்தான் சுலபம் என்று ரப்பரை இழுத்திருந்தேன். முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இறக்கியிருந்தால் புது பிளேட் போட்டு, பேக்கிங் மாற்றி, மறுபடி பூட்டி, அதே டியூப்பைச் செருகி, அதே எட்டாவது வளைவில் நின்றிருப்பேன்.

அப்படியானால் உயரத்துக்கும் கியருக்கும் சம்பந்தமே இல்லையா?

உண்டு, ஆனால் அது மெல்லத் தெரிவது. ஆயிரம் அடி ஏறினால் வேக்குவம் சுமார் ஓர் அங்குலம் குறையும். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் 280 மீட்டரை ஒட்டி. ஏற்காடு சுமார் 1500. ஏறக்குறைய நாலாயிரம் அடி ஏற்றம், நாலு அங்குலம் வேக்குவம் குறைவு. 17 காட்டும் எஞ்சின் மேலே 13 காட்டினால் அது இயல்பு. கியர் ஒரு பிடி தாமதமாக, சற்று இறுக்கமாக மாறும். இதைச் சரிக்கட்ட உயர ஈடு உள்ள மாடுலேட்டர்களையும் ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜி.எம். போட்டிருக்கிறது.

ஆபத்து யாருக்கென்றால், வேகத்துக்காக, எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைப் பெரிதாகப் போட்டவர்களுக்கு. அவர்களுக்குக் கீழேயே பத்துப் பன்னிரண்டு அங்குலம்தான் இருக்கும். அதில் நாலு போனால் மிச்சம் என்ன? அவர்கள் திருகி அமைக்கக்கூடிய மாடுலேட்டர் போட வேண்டும். அதன் மூக்குக்குள் ஒரு ஸ்க்ரூ இருக்கும். உள்ளே திருகினால் பிரஷர் கூடி, தாமதமாக இறுக்கமாக மாறும். வெளியே திருகினால் சீக்கிரம், மென்மையாக. ஒரு நேரத்தில் ஒரு சுற்று மட்டும். மென்மை வேண்டும் என்று ரொம்ப வெளியே எடுத்தால் பிரஷர் போதாமல் பிளேட் எரியும்.

வேக்குவம் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்றும் பாருங்கள். கார்புரேட்டரில் சில துளைகளில் ஐடிலில் வேக்குவமே வராது. மேனிஃபோல்டில் இருந்து நேராக, தனியாக எடுங்கள்.

சைலன்சரில் வெள்ளைப் புகை. கீழே சொட்டுகூட இல்லை, ஆனால் கியர் ஆயில் குறைகிறது. எங்கே போகிறது?

எஞ்சினுக்குள். மாடுலேட்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால், எஞ்சின் அந்த டியூப் வழியாகவே ஆயிலை உறிஞ்சி எரிக்கும். டியூப்பைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஈரமாக ஆயில் இருந்தால் வேறு சந்தேகம் வேண்டாம். ஒரே போல்ட்தான் பிடித்திருக்கும். எடுக்கும்போது உள்ளிருந்து ஒரு சின்ன வால்வு நழுவி வரும், தொலைத்துவிடாதீர்கள். இந்தப் புகையைப் பார்த்து ஹெட் பேக்கிங் போய்விட்டது என்று எஞ்சினையே பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

முதல் கியரிலேயே நிற்கிறது. மாறவே மாட்டேன் என்கிறது.

வேக்குவம் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் கவர்னர். கியர்பாக்ஸின் இடப்பக்கம், பின்பகுதியில், கம்பி கிளிப் பிடித்த வட்ட மூடிக்குள் இருக்கிறது. வண்டியின் வேகத்தை கியர்பாக்ஸுக்குச் சொல்வது அதுதான். அதன் முனையில் உள்ள நைலான் பல்சக்கரம் தேய்ந்தாலோ, வால்வு அழுக்கில் சிக்கினாலோ, எவ்வளவு வேகம் போனாலும் ‘வண்டி நிற்கிறது’ என்றே கியர்பாக்ஸ் நினைக்கும். மூடியைத் திறந்து உருவி எடுத்து, கழுவி, வால்வு தானாக அசைகிறதா என்று பாருங்கள்.

ஆக்சிலரேட்டரில் இருந்து வரும் கேபிளையும் பாருங்கள். மிதி முழுவதும் கீழே போகும்போது மட்டுமே அது முழுசாக இழுபட வேண்டும். எப்போதும் இறுக்கமாக இருந்தால் கியர் தாமதமாகும். இந்த கியர்பாக்ஸில் கேபிள் கோளாறு சிரமம் கொடுக்குமே தவிர பெரிய சேதம் செய்யாது. பின்னால் 1982இல் வந்த நாலு கியர் 700-ஆர்4 போட்டிருப்பவர்களுக்கு அப்படியல்ல. அதில் கேபிள்தான் பிரஷரையே தீர்மானிக்கிறது. தவறாக வைத்து ஓட்டினால் கொஞ்ச தூரத்திலேயே பிளேட் எரிந்துவிடும்.

ரிவர்ஸ் விழவில்லை. முன்னால் நன்றாகப் போகிறது. என்ன போயிருக்கும்?

இந்தக் கேள்விக்கு இறக்காமலேயே பதில் கண்டுபிடிக்கலாம். எந்த நிலையில் எந்தக் கிளட்ச் வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

லீவரில் ‘டி’ என்றால் டிரைவ், ‘என்’ என்றால் நியூட்ரல், ‘எல்’ என்றால் லோ, அதாவது முதல் கியர். ‘டி’யில் முதல் கியருக்கு ஃபார்வர்டு கிளட்சும், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ரோலர் கிளட்சும். இரண்டாவதுக்கு இன்டர்மீடியட் கிளட்ச் கூடச் சேரும். மூன்றாவதுக்கு டைரக்ட் கிளட்ச். ரிவர்ஸுக்கு அதே டைரக்ட் கிளட்சும், லோ-ரிவர்ஸ் கிளட்சும். ‘எல்’லில் ஃபார்வர்டோடு லோ-ரிவர்ஸ் கிளட்ச்.

இப்போது யோசியுங்கள். ரிவர்ஸ் இல்லை, மூன்றாவது கியரும் இல்லை என்றால், இரண்டுக்கும் பொதுவானது டைரக்ட் கிளட்ச். மூன்றாவது நன்றாக விழுகிறது, ஆனால் ‘எல்’லில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சின் வண்டியைப் பிடிக்கவில்லை, ரிவர்ஸும் இல்லை என்றால், லோ-ரிவர்ஸ் கிளட்ச். ‘டி’யில் நகரவில்லை ஆனால் ‘எல்’லில் நகர்கிறது என்றால், ரோலர் கிளட்ச். ‘டி’யிலும் ‘எல்’லிலும் நகரவில்லை, ரிவர்ஸ் மட்டும் போகிறது என்றால், ஃபார்வர்டு கிளட்ச். ‘என்’னில் வைத்தாலும் வண்டி முன்னால் ஊர்ந்தால், ஃபார்வர்டு கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது லிங்கேஜ் தவறு.

ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு ஒரு காலி இடத்தில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் போதும். எனக்கு இந்தக் கணக்கைப் போடும்போது கிடைக்கும் நிறைவு எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுகூடக் கிடைப்பதில்லை.

லிங்கேஜ் தவறு என்கிறீர்களே, அதை எப்படிப் பார்ப்பது?

கியர்பாக்ஸின் இடப்பக்கம் இருக்கும் சின்ன லீவரில் இருந்து ராடைக் கழற்றுங்கள். கையால் அந்த லீவரை நகர்த்தினால் ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’ என்று உட்காரும். அதை ‘என்’னில் வையுங்கள், உள்ளே டிரைவர் பக்க லீவரையும் ‘என்’னில் வையுங்கள், ராட் அழுத்தாமல் இழுக்காமல் தானாகப் போய்ச் சேர வேண்டும். நம் வண்டியில் டிரைவர் வலப்பக்கம், லிங்கேஜ் இடப்பக்கம் என்பதால் ராட் குறுக்கே போய் வளைந்து தளர்ந்துவிடுகிறது. நான் தரையில் லீவர் வைத்துக் கேபிள் போட்டுவிட்டேன். லீவர் பாதி நிலையில் நின்றால் பிரஷர் பாதிதான் போகும், கிளட்ச் மெல்ல எரியும். வெளியே ஒன்றும் தெரியாது.

பிரஷர் மீட்டர் எங்கே கிடைக்கும்?

இதற்குத் தனிக் கருவி தேட வேண்டாம். போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பெயர்போன திருச்செங்கோடு பக்கத்திலேயே இருக்கிறது. ரிக்குக்கு வேலை செய்யும் ஹைட்ராலிக் கடைகளில் 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் மீட்டரும், முனை பொருத்தி அழுத்திய ஹோஸும் செய்துகொடுப்பார்கள். ஐடிலில், வேக்குவம் நன்றாக இருக்கும்போது ‘டி’யில் அறுபது எழுபதை ஒட்டிக் காட்டும். வேக்குவம் டியூப்பைக் கழற்றி எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றினால் 150ஐ ஒட்டி ஏற வேண்டும். ரிவர்ஸில் இன்னும் கூடும். ஏறி இறங்கினால் பம்ப்பும் மாடுலேட்டரும் உயிரோடு இருக்கின்றன. ஏறவே இல்லையென்றால் பில்டர் அடைப்பு, பம்ப் என்று தேடலாம். பில்டர் அடைத்திருந்தால் ‘பி’யிலும் ‘என்’னிலும்கூட எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் வரும்.

சேலம் வெயிலுக்கு கியர்பாக்ஸ் தாங்குமா? கூலர் எவ்வளவு பெரியது வேண்டும்?

மே மாத வெயிலைவிட, மெதுவாக மலையேறுவதுதான் பெரிய சோதனை. கன்வெர்ட்டரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே ஆயில்தான் இணைப்பு. வேகம் குறைவு, பாரம் அதிகம் என்றால் ஆயில் அங்கே சறுக்கிச் சறுக்கிச் சூடாகும். கொண்டை ஊசி வளைவுகளில் 20, 25 கிலோமீட்டர் வேகம்தான், கூலர் மேல் படக் காற்றும் இல்லை.

1951 ஷெவர்லேயின் சாதாரண கியர் வண்டிக்கு வந்த ரேடியேட்டரில் கியர் ஆயிலுக்கு இடமே கிடையாது. எனவே தனிக் கூலர் கட்டாயம், அதற்குத் தனி எலெக்ட்ரிக் ஃபேனும் கட்டாயம். பெரிதாகப் போட்டதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. சேம்பரில் ஒரு டெம்பரேச்சர் சென்சார் வையுங்கள். 80, 90 டிகிரி செல்சியஸ் நல்ல நிலை. 115ஐத் தாண்டினால் ஆயில் வார்னிஷ் போலப் படியத் தொடங்கும், அதற்கு மேல் சீல்கள் இறுகும். 110 காட்டினால் நான் ஓரமாக நிறுத்தி, ‘என்’னில் வைத்து எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி ஓடவிடுவேன். ஆயில் கூலர் வழியே சுற்றிச் சீக்கிரம் தணியும். அணைத்துவிட்டால் சுற்றோட்டமே நின்றுவிடும்.

ஏறும்போது லீவரை ‘டி’யில் விடாமல் 2இல் வையுங்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் மாறி மாறித் தாவுவது நிற்கும்.

கூலருக்குப் பெட்ரோல் ஹோஸ் போடாதீர்கள். சூடான கியர் ஆயில் அதை இளக்கிவிடும்.

புதிதாகப் பூட்டியதும் வண்டி நகரவே இல்லை. அல்லது முன்பக்கம் ஆயில் கொட்டுகிறது.

கன்வெர்ட்டர் முழுசாக உள்ளே உட்காரவில்லை. வீட்டில் பூட்டுபவர்கள் செய்யும் தவறுகளில் அதிகச் செலவு வைப்பது இது. கன்வெர்ட்டரைச் சுற்றித் தள்ளும்போது மூன்று முறை ‘டொக்’ என்று உள்ளே போகும், டர்பைன் பல், ஸ்டேட்டர் பல், கடைசியில் பம்ப்பின் காது. இரண்டோடு நிறுத்திவிட்டு, பெல் ஹவுசிங் (எஞ்சினோடு பூட்டும் கியர்பாக்ஸின் முன் கூடு) போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்ப் உடைந்துவிடும். பெல் ஹவுசிங் எஞ்சினோடு கையாலேயே ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு கன்வெர்ட்டருக்கும், எஞ்சின் பின்புறம் அதோடு சுற்றும் தட்டான ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் நிறுத்துங்கள், முறுக்காதீர்கள்.

எஞ்சின் பின்புறம் இரண்டு டோவல் பின் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய எஞ்சினில் அவை தொலைந்திருக்கும். அவை இல்லாவிட்டால் மையம் விலகி, பம்ப் புஷ் தேய்ந்து, சீல் எத்தனை மாற்றினாலும் ஒழுகும்.

1986க்குப் பிந்தைய எஞ்சின் என்றால் அதற்கான ஃபிளெக்ஸ் பிளேட்டையே போடுங்கள், எடை அமைப்பு வேறு. மாற்றிப் போட்டால் வண்டி நடுங்கும், அதை கியர்பாக்ஸ் கோளாறு என்று நினைப்பீர்கள்.

வேகம் போகும்போது தரையில் அதிர்வு வருகிறது.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட். இந்த மாடல் ஷெவர்லேயில் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் ஓடும். அதனால் பின் ஆக்சிலையே மாற்றி, திறந்த ஷாஃப்ட் லேத் பட்டறையில் வெட்டி வாங்க வேண்டியிருந்தது. கியர்பாக்ஸின் சாய்வும் ஆக்சிலின் சாய்வும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் முனையில் கியர்பாக்ஸுக்குள் நுழையும் யோக் உள்ளே கடைசி வரை இடிக்காமல் முக்கால் முதல் ஓர் அங்குலம் விட்டிருக்க வேண்டும். வெட்டிய ஷாஃப்ட்டைப் பேலன்ஸ் பார்க்காமல் பூட்டாதீர்கள்.

மலை இறங்கும்போது ‘டி’யிலேயே வரலாமா?

கூடாது. இதைக் கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். ‘டி’யில் முதல், இரண்டாவது கியர்களில் ஆக்சிலரேட்டரை விட்டால் ரோலர் கிளட்ச் விட்டுவிடும், எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. மொத்த எடையும் பிரேக்கின் மேல். டிரம் பிரேக் என்றால் பத்து வளைவுக்குள் மிதி கல் போலாகி, வண்டி நிற்காது. மேலே கிளம்பும்போதே 2இல் வையுங்கள், செங்குத்தான இடத்தில் ‘எல்’. அவற்றில் எஞ்சின் பிடித்து நிறுத்தும். ‘என்’னில் போட்டு இறங்குவது எந்த நிலையிலும் வேண்டாம்.

சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், அப்புறம் ‘பி’. இல்லாவிட்டால் வண்டியின் எடை முழுவதும் ஒரு சின்ன இரும்பு நாக்கின்மேல் தொங்கும்.

பேட்டரி இறங்கிவிட்டது. நாலு பேர் தள்ளினால் ஸ்டார்ட் ஆகுமா?

ஆகாது. ஆயில் பம்ப்பைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றிருந்தால் பிரஷர் இல்லை, கிளட்ச் பிடிக்காது, சக்கரம் சுற்றி எஞ்சினைத் திருப்ப முடியாது. 1950இல் ஷெவர்லேயில் வந்த பவர்கிளைடு என்ற பழைய ஆட்டோமேட்டிக்கில் பின்பக்கமும் ஒரு பம்ப் இருந்தது. அதைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடிந்தது, அந்த நினைவில்தான் பெரியவர்கள் ‘தள்ளுங்கப்பா’ என்கிறார்கள்.

இதே காரணத்தால் கயிறு கட்டியும் இழுக்காதீர்கள். பின் சக்கரம் சுற்றும், உள்ளே ஆயில் வராது. ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள், அல்லது வண்டியைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போங்கள்.

இப்படிக் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்டலாமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எனவே ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கி, மாற்றம் ஆர்.சி.யில் ஏறிய பிறகே வெளியே எடுங்கள். இன்சூரன்ஸ்காரர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

எந்த ஆயில், எத்தனை லிட்டர்?

டெக்ஸ்ரான் வகை ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். சேம்பரை மட்டும் கழற்றி மாற்றினால் மூன்று நாலு லிட்டர். கன்வெர்ட்டரோடு காலியாக இருந்தால் பத்து லிட்டர் வரை இழுக்கும்.

சரி, எப்போதுதான் இறக்குவது?

ஆயில் கருத்துத் தீய்ந்த வாசனை, சேம்பரில் உலோகச் சீவல், தண்ணீர் கலந்த ஆயில், வேக்குவமும் லிங்கேஜும் சரியாக இருந்தும் ஏறாத பிரஷர், மேலே சொன்ன கிளட்ச் கணக்கில் ஒன்று தெளிவாகப் போயிருப்பது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தயங்காமல் இறக்குங்கள். ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒரு கிளட்சில் தொடங்கியது மற்றவற்றையும் தின்றுவிடும்.

இறக்குகிறீர்கள் என்றால் கன்வெர்ட்டரையும் மாற்றுங்கள். அதைப் பிரித்துக் கழுவ முடியாது, பழைய சீவல் அத்தனையும் உள்ளேயே இருக்கும். கூலரையும் குழாய்களையும் எதிர்த்திசையில் கழுவி, காற்றடித்து, வெளியே வரும் ஆயில் வெள்ளைத் துணியில் கறை விடாமல் வரும் வரை நிறுத்தாதீர்கள். பூட்டிய பிறகு முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் சேம்பரை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அதுவரை ஏற்காடு ஏற வேண்டாம், சமவெளியில் ஓமலூர் வரை போய்வாருங்கள்.